காளிகாட்டிலிருந்து ஐந்தாவது நிலையம்

காளிகாட் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது காளி கோயிலே. 1809-ஆம் ஆண்டில் எழுந்த இன்றைய கோயிலில் அன்னையைத் தரிசித்து, பேடா வாங்கிக்கொண்டு, ராஷ்பிகாரி சந்திப்பைக் கடந்து லேக் மார்க்கெட்டுக்கு நடந்து, வாழையிலையும் மல்லிகைச் சரமும் காப்பிப் பொடியுமாக வீடு திரும்புவது நம் குடும்பங்களின் வழக்கம். கோயிலுக்குப் பின்னே கிடக்கும் கால்வாயை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பார்க்கத்தக்க நிலையிலும் அது இல்லை என்பது உண்மையே. ஆயினும் இம்மாதம் அக்கால்வாயின் வழியே நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அது செல்லும் திசையில் தோன்றிய ஒரு பாட்டுக் குழுவின் கதையைச் சொல்வதற்காக.

கங்கை முன்னாளில் ஓடிய வழி அது. ஆகையால் ஆதிகங்கை என்பது அதன் பெயர். ஆறு வேறு வழி நோக்கித் திரும்பிய பின், டாலி என்னும் ஆங்கிலேயர் 1775-க்கும் 1777-க்கும் இடையில் அதைத் தூர்வாரிப் படகு செல்லும்படி செய்தார். அதனால் டாலி கால்வாய் என்றும் ஆயிற்று. டாலிகஞ்சுக்கு அப்பால் பாதாள இரயில் தரைக்கு மேலே ஏறி, இதே கால்வாயின் நடுவே நாட்டிய தூண்களின்மீது செல்கிறது. ஆற்றின்மேல் குறுக்கே பாலம் கட்டுவது இரயில்வேயின் வழக்கம். ஆற்றின்மேல் நெடுக்காகவே வண்டி விட்டது இவ்வூரில்தான் கண்டோம். இரயில்வே எழுத்தர்களாகிய நமக்கு இத்தகைய விவரங்களில் சற்று ஆசை அதிகம், நேயர்கள் பொறுத்தருள்க.

காளிகாட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமங்களிலிருந்து வந்து இக்கோயிலைச் சூழக் குடியேறிய பட்டுவா ஓவியர்கள், ஆலைக் காகிதத்தில் நீர்வண்ணம் கொண்டு விரைவாகப் படம் தீட்டி யாத்திரிகர்களுக்கு விற்றார்கள். தெய்வங்களை மட்டுமா வரைந்தார்கள்? நகரத்துப் பாபுவின் மினுக்கையும், 1873-இல் ஊரைக் கலக்கிய தாரகேசுவரக் கொலை வழக்கையும் வரைந்தார்கள். காகிதம் சீமையிலிருந்து வந்தது. கை இந்நாட்டுக் கை. பின்னர் மலிவான அச்சுப் படங்கள் வந்து அவர்களின் பிழைப்பைப் பறித்தன.

காளிகாட் நிலையத்தில் வண்டியேறினால் ரவீந்திர சரோவர், மகாநாயக் உத்தம்குமார், நேதாஜி, மாஸ்டர்தா சூரியசேன் ஆகியவற்றை அடுத்து ஐந்தாவதாக வருவது நாக்தலா. 1947-க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் குடிசை போட்டுத் தங்கி உருவாக்கிய ஊர்ப்புறம் அது. அங்கே கௌதம் சட்டோபாத்தியாயர் என்பவரின் வீட்டில், 1975-ஆம் ஆண்டளவில், சகோதரரும் உறவினரும் நண்பருமாக எழுவர் கூடி ஒரு குழுவை அமைத்தனர். அதற்கு இறுதியில் வைத்த பெயர் 'மொஹீனேர் கோராகுலி'. மொஹீனின் குதிரைகள் என்பது பொருள். வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாசரின் கவிதையொன்றிலிருந்து எடுத்த பெயர் அது. 1962-இல் லண்டனில் தோன்றிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரும் இவ்வாறே, அமெரிக்க நீக்ரோப் பாடகரான மடி வாட்டர்ஸின் பாட்டொன்றிலிருந்தே தம் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

இவ்விடத்தில் 'புளூஸ்' என்பது யாது எனச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக் காடுகளில் உழைத்த நீக்ரோ மக்கள் தம் துயரைத் தனிக்குரலில், ஒரே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடிய பாட்டு அது. அதைத் தட்டுகளில் கேட்ட ஆங்கில இளைஞர்கள் மின்சாரக் கிட்டாரில் ஏற்றி உரக்க வாசித்தார்கள். அவ்வோசை உலகெங்கும் பரவிற்று. கல்கத்தாவில் பார்க் தெரு விடுதிகளில் அது ஒலித்தது. 1969-இல் அத்தெருவின் டிரிங்காஸ் விடுதியில் பட்டுப் புடவையும் பொட்டுமாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடத் தொடங்கிய உஷா அய்யர் நம் தமிழ்ப் பெண்மணியே. உஷா உதூப் என்று பின்னர் உலகறிந்தவர். கௌதமும் அவ்விடுதிகளில் கிட்டார் வாசித்துப் பழகியவர்தாம்.

ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் நக்சல் இயக்கத் தொடர்பால் சிறைக்குச் சென்றார். சில காலம் வங்கத்துக்கு வெளியே வாழ நேர்ந்தது. மீண்டு வந்தபின் அவர் செய்த காரியமே நம் கவனத்துக்குரியது. கிட்டாரை விடவில்லை, ஆங்கிலத்தை விட்டார். அமெரிக்க நீக்ரோ மக்களுக்குப் புளூஸ் எப்படியோ, அப்படி வங்காளத்துக்குப் பாவுல் பாட்டு இருக்கிறது. ஊர் ஊராகத் திரிந்து, ஒற்றை நரம்பை மீட்டி, சாதியும் சடங்கும் வேண்டா என்று பாடும் அப்பித்தர்களை நம் சித்தர்களோடு ஒப்பிடலாம். கௌதமும் நண்பர்களும் பாவுலையும் கிட்டாரையும் வயலினையும் முரசையும் ஒருங்கே வைத்தார்கள். தங்கள் இசைக்குப் 'பாவுல் ஜாஸ்' என்று பெயரும் சொன்னார்கள். அவர்களுடைய காதற்பாட்டு ஒன்றில் ரவிசங்கரும் அலி அக்பரும் பீட்டில்ஸ் குழுவினரும் டிலனும் அருகருகே வருகிறார்கள். அவர்களுள் உள்ளூரார் யார், அயலார் யார் என்று அப்பாட்டு பார்ப்பதில்லை.

1977, 1978, 1979 என ஆண்டுக்கொன்றாக மூன்று சிறு இசைத்தட்டுகள் வெளிவந்தன. முதல் தட்டின் பெயரிலேயே கல்கத்தா இருக்கிறது. டிராமும் நெரிசலும் வேலையில்லாத இளைஞனும் பாட்டுக்குள் வந்தனர். பட்டுவாக்கள் பாபுவைப் படத்துக்குள் கொண்டுவந்த காரியமே இதுவும் என்பது எமது எண்ணம். காளிகாட் பூங்காவை ஒட்டிய ஜோகேஷ் மைம் அகாடமியும் அவர்கள் பாடிய அரங்குகளுள் ஒன்று. ஆயினும் ஊர் செவி சாய்க்கவில்லை. ரவீந்திரர் பாட்டிலும் திரைப்பாட்டிலும் ஊறிய காதுகளுக்கு இது கூச்சலாகவே பட்டது. 1981-இல் குழு கலைந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊருக்குப் பிழைப்பைத் தேடிச் சென்றனர். ரஞ்சன் கோஷால் பெங்களூரில் குடியேறினார். கௌதம் திரைப்படத் துறைக்குச் சென்றார். அவர் இயக்கிய 'நாகமதி' 1983-ஆம் ஆண்டின் சிறந்த வங்கப்படமாகத் தேசிய விருது பெற்றது.

பாட்டு சோறு போடுமா என்று நம் வீடுகளில் தந்தைமார் கேட்கும் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. போடவில்லை. இதை மறைத்துப் பேசுவது முறையன்று. தோளில் கிட்டாரை மாட்டிக்கொண்டு தேர்வுக்கு முதல் நாளும் வெளியே கிளம்பும் பிள்ளையைக் கண்டு பெற்றோர் மனம் கலங்குவது இயல்பே. நாமும் மாதச் சம்பளத்தில் வாழ்பவர்கள்தாம்.

ஆனால் கதை 1981-உடன் முடியவில்லை. 1995-ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் கௌதம் ஒரு புதிய தொகுப்பை வெளியிட்டார். இம்முறை அவரே எல்லாவற்றையும் பாடவில்லை. அடுத்த தலைமுறை இளைஞர்களைப் பாடச் செய்தார். ஓசையும் மாறியிருந்தது, பழைய தட்டுகளின் தயக்கம் நீங்கி, மெட்டுகள் எளிதில் வாயில் நிற்பனவாக அமைந்தன. உலகம் சுருங்கித் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடங்கிவிட்டதைச் சொல்லும் பாட்டு அத்தொகுப்பில் உண்டு. இம்முறை ஊர் கேட்டது. கல்லூரி விடுதிகளில் பாடினார்கள். பழைய பாடல்களையும் தேடிப் பிடித்தார்கள். வங்கமொழியில் பாடும் குழுக்கள் தெருவுக்கொன்றாக முளைத்தன. 1999 ஜூன் 20-ஆம் நாள் கௌதம் மறைந்தார். அப்பெட்டிப் பாட்டின் மெட்டு 2006-இல் 'கேங்ஸ்டர்' என்னும் இந்திப் படத்தில் ஏறி இந்தியா முழுவதும் ஒலித்ததை அவர் கேட்கவில்லை. தாபஸ் தாஸ் 2023-இல் காலமானார்.

லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பஜனைக்கும் கச்சேரிக்கும் குறைவில்லை. எனினும் இத்தெருவை, இக்கால்வாயை, மாலையில் அலுவலகம் விட்டு டிராமில் தொங்கிக்கொண்டு வந்த நம் தகப்பன்மாரைத் தமிழில் பாடிய பாட்டு ஒன்றேனும் எம் செவிக்கு எட்டியதில்லை. நம் பிள்ளைகள் கிட்டார் வாசிப்பது எமக்கு அச்சம் தரவில்லை. எம்மொழியில் வாசிக்கப் போகிறார்கள் என்பதே கேள்வி. வங்கத்தில் பாடினாலும் நன்றே; இம்மண்ணின் சோற்றை உண்கிறோம். ஆனால் தமிழிலும் ஒன்று கட்டட்டும். அதைக் கேட்க ஆளில்லை என்று கைவிட வேண்டா. நாக்தலாக் குழுவினருக்கும் முதலில் ஆளில்லைதான்.

நாக்தலாவைக் காண விரும்பும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. வண்டியில் அமர்ந்து நாக்தலா என்னும் பலகையைத் தேடவேண்டா. நிலையத்துக்குக் கீதாஞ்சலி என்று பெயரிட்டிருக்கிறார்கள். இறங்கியதும் நடைமேடையின் ஓரத்துக்குச் சென்று கீழே நோக்குக. காளிகாட்டில் நாம் திரும்பிப் பாராத அதே நீர் அங்கே கிடக்கும்.