மூலமும் படியும்

ரயில்வே அலுவலகங்களில் பணிபுரிவோர்க்குத் திருத்தச் சீட்டு என்பது நன்கு பழகிய பொருளாகும். விதிப் புத்தகம் ஒன்று அச்சாகி நிலையங்கள்தோறும் அனுப்பப்பட்ட பின்னர், விதிகளுள் சில மாறுவதுண்டு. அதற்காகப் புத்தகம் முழுவதையும் மீண்டும் அச்சிடுவதில்லை. மாறிய பகுதியை மட்டும் ஒரு சிறு தாளில் அச்சிட்டு, வரிசை எண்ணும் தேதியும் இட்டு அனுப்புவர். அதனை உரிய பக்கத்தில் ஒட்டி, முன்பக்கத்துப் பட்டியலில் எண்ணைக் குறித்துச் சுருக்கொப்பமிடுதல் குமாஸ்தாவின் கடமை. பதினேழாம் சீட்டு வந்து பதினாறாம் சீட்டு வாராதிருப்பின், உடனே எழுதிக் கேட்டல் வேண்டும். ஒரே அட்டையும் ஒரே தலைப்பும் உடைய புத்தகங்களேயாயினும், சீட்டு ஒட்டாத புத்தகம் பொய் சொல்லும். அப்பொய்யை நம்பிக் கட்டணம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒருங்கே இடர்ப்படுவர்.

எம் தந்தையார் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி வந்து, பணியிலிருக்கும்போதே மறைந்தார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த யாம் கருணை நியமனத்தில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். கணினிக் கல்லூரியின் வாயிலை மிதித்தறியோம். ஆயினும் தொம்மலூரில் நம் சங்கத்து அன்பர்கள் நடத்தும் சிறு படிப்பகத்தில், ஒரு மென்பொருட் களஞ்சியத்தின் படியைப் புதுப்பித்துக் காக்கும் பொறுப்பு மூன்றாண்டுகளாக எம்மிடம் இருந்து வருகிறது. அப்பணி யாது, நம் குடும்பங்களுக்கு அதனால் ஆவதென்ன என்று அன்பர் பலர் கேட்கின்றனர். அவர்கட்கு விடையாக இதனை எழுதுகின்றோம்.

படிப்பகத்து இரும்பு அலமாரியில் 1960-களில் அச்சான பழைய இதழ்க் கட்டுகள் உள்ளன. நம் பாட்டனாரும் தந்தையாரும் ஆலை வேலைக்கும் ரயில் வேலைக்கும் பட்டாளத்து வேலைக்குமாக இந்நகர் புகுந்த காலத்தில் எழுதிய கட்டுரைகள் அவற்றில் இருக்கின்றன. தாள் பழுத்துவிட்டது, விரல் பட்ட இடம் உதிர்கிறது. ஆதலின் அவற்றை ஒளிப்படமாக்கி, அப்படத்திலிருந்து எழுத்துகளைக் கணினியே படித்தெடுக்கும்படி செய்து வருகின்றோம். அங்ஙனம் படிக்கும் மென்பொருள்களுள் ஒன்று ‘டெசராக்ட்’ என்பது. ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் 1985-ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கத் தொடங்கிற்று. 2005-இல் இதன் மூலநிரல் எவரும் காணவும், திருத்தவும், பயன்கொள்ளவும் உரியதாகத் திறந்து விடப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் கூகுள் நிறுவனம் இதன் வளர்ச்சிக்குத் துணை நின்றது. தமிழும் கன்னடமும் இதற்குப் படிக்க வரும். அண்டை வீட்டுக் கன்னட ஆசிரியர் ஒருவர், தம் தாத்தாவின் பழைய பாடநூலை எம் படிப்பகத்தில் வந்து படித்தெடுத்துச் சென்றார்.

திறந்த மூல மென்பொருள் எனப்படும் இத்தகையனவற்றின் மூலநிரல் முழுவதும் ஒரு களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதில் இன்றைய நிரல் மட்டுமன்று, தொடக்கமுதல் யார் எந்நாளில் எவ்வரியை மாற்றினார் என்னும் வரலாறும் சேர்ந்தே இருக்கும். அக்களஞ்சியத்தை வரலாற்றோடு அப்படியே வேறோர் இடத்தில் எடுத்து வைப்பதனையே ‘மிரர்’ என்கின்றனர். யாம் அதனைக் கண்ணாடிப்படி என்போம். சென்னை, கான்பூர் ஐ.ஐ.டி.கள் லினக்ஸ் மென்பொருள்களுக்கு இத்தகைய படிகளைப் பெரிய அளவில் நடத்தியதுண்டு. எம்முடையதோ மேசையடியில் இருக்கும் ஒரு பழைய கணினியும் இரண்டு வட்டுகளுமே.

படிப்பகத்திற்கு வரும் கல்லூரி மாணவர் ஒருவர், “மூலம் இணையத்தில் இருக்கும்போது இங்கே எதற்கு இன்னொரு படி, அண்ணா?” என்று ஒரு நாள் வினவினார். நியாயமான வினாவே. எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்து மென்பொருள் நிறுவனங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தொம்மலூரில் இத்தகைய ஐயம் எழுவது இயல்பு. அவருக்கு யாம் கூறிய விடைகளை இங்கும் தருகின்றோம்.

முதலாவது, மூலம் இருக்குமிடம் என்றும் நிலையானதன்று. டெசராக்டின் களஞ்சியம் முன்னர் ‘கூகுள் கோட்’ என்னும் தளத்தில் இருந்தது. அத்தளத்தை மூடப்போவதாக 2015 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. 2016 ஜனவரியில் மூடிவிட்டது. டெசராக்ட் ‘கிட்ஹப்’ தளத்திற்குக் குடிபெயர்ந்து பிழைத்தது. காப்பார் இல்லாத சிறு மென்பொருள்களுக்கு அத்தகைய குடிபெயர்ச்சி எளிதன்று. இரண்டாவது, ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது அழிந்தால் மீளாது. 1981-ஆம் ஆண்டு மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. அச்சு நூல்களுள் பலவற்றை வேறிடத்தில் தேடிப் பெறலாம். அவ்வோலைகளை யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாவது விடை எம் அன்றாடப் பணியைச் சார்ந்தது. தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னர், லை, ளை, னை முதலிய எழுத்துகள் துதிக்கை போன்ற பழைய கொம்போடு அச்சாயின. ணா, றா, னா என்பனவும் வேறு வடிவில் இருந்தன. நம் பழைய இதழ்களில் பக்கந்தோறும் அவ்வெழுத்துகளே. அங்கேதான் கணினி தடுமாறுகிறது. புதிய பதிப்பு ஒரு பக்கத்தை முன்னினும் நன்றாகப் படிக்கிறது. மற்றொரு பக்கத்தை முன்னினும் மோசமாகப் படிக்கிறது. அப்போது பழைய நாளின் நிரலை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வரலாறு முழுவதும் கையில் இருந்தாலன்றி அஃது இயலாது.

இனிப் புதுப்பிக்கும் முறையைக் கூறுவோம். களஞ்சியத்தைக் காக்கும் கருவிக்குக் ‘கிட்’ என்று பெயர். லினக்ஸை இயற்றிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் இதனை அமைத்தார். முதன்முறை மட்டும் களஞ்சியம் முழுவதும் இறங்கும். அதன்பின் ஒவ்வொரு முறையும், நாம் கடைசியாகப் பெற்றதற்குப் பின் நிகழ்ந்த மாற்றங்கள் மட்டுமே வந்து சேரும். எம் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இது புதிதன்று, திருத்தச் சீட்டேதான். வேற்றுமை யாதெனில், நம் சீட்டுக்கு வரிசை எண் உண்டு; கிட்டின் சீட்டுக்கோ எண்ணும் எழுத்தும் கலந்த நாற்பது குறிகள் கொண்ட அடையாளம் உண்டு. அவ்வடையாளம் சீட்டில் உள்ள செய்தியையும், அதற்கு முந்திய சீட்டின் அடையாளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது. இடையில் எவரேனும் ஓர் எழுத்தை மாற்றினும் அடையாளம் மாறும். அதன்பின் வரும் அடையாளங்கள் அனைத்தும் மாறிவிடும். 2011 ஆகஸ்டில் லினக்ஸ் மூலநிரலை வைத்திருந்த கெர்னல்.ஆர்க் சர்வர்களில் அந்நியர் புகுந்துவிட்டமை தெரியவந்தது. அப்போது மூலநிரலைப் பற்றி வல்லுநர் பெரிதும் அஞ்சவில்லை. காரணம், இவ்வடையாளத் தொடரோடு கூடிய படிகள் உலகெங்கும் எண்ணற்றோர் கையில் இருந்தன. மாற்றம் நேர்ந்திருப்பின் எளிதில் வெளிப்பட்டிருக்கும்.

இவ்வளவு காவல் இருந்தும் படி கெடுவது எவ்வாறு? இரண்டு வழிகளில் கெடும்.

ஒன்று, புதுப்பிக்காமையால் கெடுதல். இஃது எல்லோரும் அறிந்தது. ஆயினும் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மூலம் இடம் மாறிவிட்ட பின்னரும், பழைய முகவரியையே நோக்கிக்கொண்டிருக்கும் படியை எண்ணிப் பாருங்கள். அது வாரந்தோறும் கதவைத் தட்டும், விடை வாராது. அதனை நாள்தோறும் தானே இயங்குமாறு அமைத்துவிட்டு, அறிவிப்பைப் படிக்க ஆளில்லையாயின், படி புதிதாகவே இருக்கிறதென்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பர்.

மற்றொன்று, கண்ணை மூடிக்கொண்டு புதுப்பித்தலால் கெடுதல். கே.டி.இ. என்பது லினக்ஸ் கணினிகளுக்குத் திரைமுகப்பும் பல செயலிகளும் இயற்றும் உலகளாவிய தன்னார்வக் குழு. 2013 மார்ச் 22 அன்று அவர்களுடைய தலைமைச் சர்வர் பாதுகாப்புத் திருத்தத்திற்காக நிறுத்தி மீண்டும் இயக்கப்பட்டது. அப்போது அதன் கோப்புகள் சிதைந்து கிடந்தன. பல நாடுகளில் கண்ணாடிப்படிகள் இருந்தமையால் அச்சமில்லை என்றே எவரும் கருதுவர். ஆனால் அப்படிகள் மூலத்தை நம்பி, அதன் சிதைவையும் உண்மையாகவே தம்மிடம் படியெடுத்துக்கொண்டன. ஏறத்தாழ 1,500 களஞ்சியங்கள் மறையும் நிலை எய்தின. சேதமுறாத படி ஒரு கணினியில் தற்செயலாக எஞ்சியிருந்தமையால் அவ்வளவும் மீண்டன. கண்ணாடி முகத்தில் உள்ள அழகையும் காட்டும், அழுக்கையும் காட்டும். முகம் மறைந்தால் கண்ணாடியிலும் ஒன்றும் இராது. ஆதலின் கண்ணாடிப்படி வேறு, காப்புப்படி வேறு என்பதை உணர்தல் வேண்டும்.

2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட செய்தி இதனினும் அஞ்சத்தக்கது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், நம்பிக்கை பெற்ற ஒரு பங்காளியே கள்ளவழி ஒன்றை வைத்திருந்தார். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் கணினிக்குள் நுழையச் சுமார் அரை விநாடி மிகுதியாவதைக் கவனித்து, காரணம் தேடிச் சென்று அதனைக் கண்டறிந்தார். புதியது என்பதற்காகவே முதலில் ஏற்றுக்கொண்டோர் இடருக்கு அருகில் நின்றனர்.

இவற்றையெல்லாம் அறிந்தே எம் படிப்பகத்தில் சில முறைகளை வகுத்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் காலையில் மாற்றங்களைப் பெறுகின்றோம். வந்தவற்றின் தலைப்புகளைப் படிக்கின்றோம். புரியாதவற்றைத் துறை அறிந்த இளைஞரிடம் கேட்கின்றோம். பின்னர்க் களஞ்சியம் சிதைவின்றி இருக்கிறதா என்று கிட்டின் சோதனைக் கட்டளையை இயக்குகின்றோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று களஞ்சியம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி, தேதியிட்டு, தனி வட்டில் ஏற்றுகின்றோம். அவ்வட்டு படிப்பகத்தில் இருப்பதில்லை. வேறு தெருவில் உள்ள அன்பர் ஒருவர் இல்லத்தில் இருக்கிறது. அதில் பழைய மாதத்துக் கட்டின்மேல் புதியதை எழுதுவதில்லை. புதிய பதிப்பு வந்தால், பழைய இதழ்களினின்று தேர்ந்த பத்துப் பக்கங்களை அதனிடம் கொடுத்துப் பிழைகளை எண்ணுகின்றோம். முன்னினும் பிழை குறைந்தாலன்றி அதனைப் பணிக்கு எடுப்பதில்லை. இவையனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு குறித்துச் சுருக்கொப்பமிடுகின்றோம். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆவதில்லை.

படி காத்தலின் பயனை உணரத் தொம்மலூரை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. இவ்வூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன; போசள வீரராமநாதன் காலத்தனவும் அவற்றுள் உண்டு. நாம் பிழைப்புத் தேடி வந்ததற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்பே இங்குத் தமிழ் பொறிக்கப்பட்டிருந்தது என்பதற்கு அவை சான்று. கல்லும் காலத்தால் தேயும். சுண்ணாம்பும் வண்ணமும் பூசினால் எழுத்து மறையும். பி. எல். ரைஸ் அவர்கள் பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைப் படித்து, ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ ஒன்பதாம் தொகுதியாக 1905-இல் வெளியிட்டார்கள். இன்று கல்லில் ஐயம் எழுந்தால் அந்நூலை நோக்கலாம். நூலில் ஐயம் எழுந்தால் கல்லை நோக்கலாம். மிதிக் சொசைட்டியார் 2021 முதல் பெங்களூர் வட்டாரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் முறையில் பதிவு செய்து, மூன்றாவது படியொன்றையும் நமக்கு ஆக்கித் தந்து வருகின்றனர். மூலமும் படியும் ஒன்றையொன்று திருத்திக்கொள்வதே நல்ல முறை.

நம் இல்லங்களின் நிலையும் இதனோடு ஒத்ததே. ஊரைவிட்டு வந்த நாளின் தமிழை நாம் படியெடுத்துக் கொணர்ந்தோம். எம் பாட்டியார் காரைப் ‘பிளசர்’ என்றே கடைசிவரை கூறினார். ஊரில் அச்சொல் வழக்கொழிந்து பல்லாண்டாயிற்று. விடுமுறைக்கு ஊர் சென்ற எம் மக்கள் அச்சொல்லைக் கூற, அங்குள்ள பிள்ளைகள் சிரித்தனர். அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. மூலத்தில் மறைந்த ஒரு சொல் படியில் வாழ்ந்திருக்கிறது. ஆயினும் அவ்வொன்றோடு நின்றுவிட்டால் நம் பிள்ளைகட்குத் தமிழ் பாட்டி காலத்துப் பேச்சாக மட்டுமே எஞ்சும். புதிய நூல் வாங்குதலும், ஊரோடு கடிதமும் தொலைபேசியும் விடாதிருத்தலும், பழைய இதழைப் படித்துக்காட்டலும் ஒருசேர நடைபெறல் வேண்டும். இன்று நம் இளையோருள் பலர் தமிழ் பேசுகின்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குகின்றனர். பாட்டனார் எழுதிய பக்கம் கணினித்திரையில் தெளிவாகத் தோன்றினால், அதனை எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு பேரனாவது முன்வருவான் என்னும் நம்பிக்கையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குத் தருகின்றோம்.

ரயில்வே ஊழியனுக்கு மாற்றல் உத்தரவு எந்நாளிலும் வரலாம். எமக்கும் வரும். அந்நாளில் இக்கணினியும் நோட்டுப் புத்தகமும் ஆளற்று நிற்றல் கூடாது. ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களிலிருந்து இளைஞர் இருவரையும் பெண்மக்கள் இருவரையும் வேண்டுகின்றோம். பட்டம் வேண்டியதில்லை, வாரம் தவறாமையும், வந்ததைப் படித்துப் பார்க்கும் பொறுமையும் போதும். கட்டளைகள் பத்துக்கும் குறைவே. அவற்றைத் தமிழிலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கின்றோம். விருப்பமுடையோர் ஞாயிறு காலையில் தொம்மலூர்ப் படிப்பகத்திற்கு வருக. பழைய இதழ் வைத்திருப்போர் அதனையும் உடன் கொணர்க. படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.