ஏழு குறைந்த கணக்கு

வட்டத்தின் சுற்றளவு வேண்டுமென்றால் விட்டத்தை 22ஆல் பெருக்கி 7ஆல் வகுத்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். அது ஏன் 22, ஏன் 7 என்று ஒரு நாள் எழுந்து நின்று கேட்டேன். கணக்கு வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டால் விடை வருகிறதா, இல்லையா? உட்கார்" என்றார். விடை வந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

அந்த 22/7 மூன்றாவது தசம ஸ்தானத்திலேயே தடம் புரண்டுவிடுகிறது என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கமுள்ள உருவங்களை வைத்துக் கணக்கிட்டு, பை என்பது 22/7ஐவிடக் குறைவு என்றுதான் சொன்னார். சமம் என்று சொல்லவில்லை. நம் ஆரியபடரோ 499ல் 62832ஐ 20000ஆல் வகுக்கச் சொன்னதோடு, 'ஆஸன்னம்' என்று ஒரு வார்த்தையும் போட்டு வைத்தார். கிட்டத்தட்ட என்று அர்த்தம். என் வாத்தியார் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். எந்தப் பின்னத்தாலும் பையை முழுக்கச் சொல்ல முடியாது என்று 1761ல் லாம்பர்ட் நிரூபித்துவிட்டார். இலக்கங்கள் போய்க்கொண்டே இருக்கும். முடிவும் கிடையாது, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதும் கிடையாது.

இவர்களையெல்லாம்விட என் மனசில் உட்கார்ந்துவிட்டவர் வில்லியம் ஷாங்க்ஸ் என்ற ஆங்கிலேயர். டர்ஹம் ஜில்லாவில் ஹௌட்டன்-லெ-ஸ்பிரிங் என்ற ஊரில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். காலையில் பையின் இலக்கங்களைக் கணக்கிடுவார், மாலையில் சரிபார்ப்பார் என்று சொல்வார்கள். யந்திரம் கிடையாது, பேனாவும் காகிதமும்தான். 1853ல் 607 ஸ்தானம் வெளியிட்டார். 20 வருஷம் கழித்து, 1873ல், 707 ஆக்கினார்.

இதில் டி மார்கன் என்ற கணித மேதைக்கு மட்டும் ஒரு நெருடல். 607 ஸ்தானத்தில் ஒவ்வொரு இலக்கமும் சுமார் 61 தடவை வர வேண்டாமோ? ஏழு மட்டும் 44 தடவைதான் வந்திருந்தது. ஏழுக்கு என்ன கோபம்? அவருக்கு விடை தெரியவில்லை.

1937ல் பாரிஸ் விஞ்ஞானக் காட்சிசாலையில் வட்டமான அறை ஒன்றில் ஷாங்க்ஸின் 707 இலக்கங்களையும் சுவரைச் சுற்றி அலங்காரமாகப் பொறித்தார்கள். பிறகு 1944ல் ஃபெர்குசன் என்பவர் வேறொரு சூத்திரத்தைக் கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தார். 527 ஸ்தானம் வரை ஷாங்க்ஸோடு ஒத்துப் போயிற்று. 528ல் பிசகிற்று. அதற்குப் பின்னால் ஷாங்க்ஸ் எழுதியதெல்லாம் வீண்! 1949ல் பாரிஸ் சுவரையும் திருத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஏழு நிஜமாகவே கூச்ச சுபாவம் உடையதுதான். சரியான கணக்கிலும் முதல் 200 ஸ்தானத்தில் 12 தடவைதான் தலைகாட்டுகிறது. 1000 வருவதற்குள் 95 ஆகி, மற்றவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

எனக்கு ஷாங்க்ஸிடம் ஒரு சொந்த பாத்தியதை உண்டு. என் நாவல் ஒன்றின் புரூபை நானே மூன்று முறை படித்தேன். புத்தகம் வந்த மறு வாரம் ஒரு வாசகர் கார்டு போட்டார்: எட்டாம் அத்தியாயத்தில் செத்துப் போன அத்தை பன்னிரண்டாம் அத்தியாயத்தில் காப்பி கலக்கிறாளே என்று. அந்த அத்தையை நான் மூன்று முறையும் பார்த்திருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் அவள் காப்பியைக் குடித்துவிட்டு மேலே போயிருக்கிறேன். எழுதிய கண்ணே சரிபார்த்தால் இப்படித்தான். ஷாங்க்ஸின் மாலை நேரங்களை நினைத்துக்கொண்டேன்.

1949ல் எனியாக் யந்திரம் 70 மணி நேரத்தில் 2037 ஸ்தானம் கண்டுவிட்டது. 2022ல் 100 லட்சம் கோடி இலக்கம் வரை போய்விட்டார்கள். அதற்குப் பயன்பட்ட சூத்திரம், நம் கும்பகோணத்து ராமானுஜன் 1914ல் வெளியிட்டவற்றின் வழி வந்தது. ஷாங்க்ஸ் இதில் எதையும் பார்க்கவில்லை. 1882ல், தம்முடைய 707ம் சரி என்ற நினைப்போடு கண்ணை மூடினார். ஒரு விதத்தில் பாக்கியசாலி; அவருக்கு யாரும் கார்டு போடவில்லை.

அவர் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் எழுந்து நின்று, ஏன் ஸார் 22, ஏன் ஸார் 7 என்று கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்றுதான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். உட்காரச் சொல்லியிருக்க மாட்டார். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் விட்டிருக்க மாட்டார்; பாவம், அந்தப் பையன்.