சத்தம் பிறக்கும் இடம்

அசோக் லேலண்ட் 1980-இல் ஆலை தொடங்கிய ஊர் ஓசூர். இங்கே லாரி பிறப்பதும் மோட்டார் சைக்கிள் பிறப்பதும் எல்லாருக்கும் தெரியும். வண்டிகளுக்கு வயதான பிறகு அவற்றை ஓட வைத்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. அவர்களைப் பார்க்கத்தான் போனேன்.

பாகலூர் சாலைப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சைலன்சர் பட்டறை. மேஸ்திரிக்கு வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளி தாண்டி வரும் டிரைவர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். குழிமேல் ஒரு பழைய மகிந்திரா பிக்கப் நின்றது. ஜீப் முகம், பின்னால் பலகை அடித்த தொட்டி, உள்ளே 2112 சிசி பியூஜோ டீசல் எஞ்சின். அப்பா வாங்கிய வண்டி என்றார் அதை ஓட்டிவந்த இளைஞர். தக்காளிக் கூடைகளோடு ராயக்கோட்டை மண்டிக்கு விடியுமுன்னே கிளம்ப வேண்டும்.

“தெருவுல ஸ்டார்ட் பண்ணா நாயெல்லாம் எழுந்துக்குதுண்ணா. பக்கத்து வீட்ல கைக்கொழந்தை இருக்குது. டப்பாவுல நல்லா பஞ்சு அடைச்சுக் குடுங்க.”

“பஞ்சு அப்புறம் தம்பி. சத்தம் எங்க பொறக்குதுன்னு மொதல்ல பாக்கலாம்.”

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அந்த இளைஞர் விதிக்குப் பயந்து வரவில்லை. குழந்தைக்காக வந்திருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

எஞ்சின் ஆறிக் கிடந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, உதவியாளரிடம் ஈரச் சாக்கைக் கொடுத்து வால் குழாயை அடைக்கச் சொன்னார் மேஸ்திரி. புகைக்கு வழி அடைபட்டதும் முன்பக்கத்திலிருந்து ‘புஸ் புஸ்’ என்று காற்று சீறியது. மேனிஃபோல்டும் பைப்பும் சேரும் ஃபிளாஞ்சில் ஒரு போல்ட்டைக் காணோம். கேஸ்கட் கருகி, அந்த இடத்தில் கரி கோடு போட்டிருந்தது. சைலன்சருக்குள் நுழைவதற்கு முன்பே சத்தம் வெளியேறிக்கொண்டிருந்தால், டப்பாவில் எவ்வளவு பஞ்சு அடைத்து என்ன பயன்?

அடுத்து டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பரில் தொங்கவேண்டிய பைப்பை யாரோ கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஓர் இடத்தில் பைப் சேஸியில் உரசி இரும்பு பளபளத்தது. அதிர்வு ரப்பரில் அடங்காமல் சேஸியில் ஏறி, அங்கிருந்து கேபின் தரை வரைக்கும் பரவியிருக்கிறது. ஓட்டுகிறவருக்குக் காது அடைத்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கம்பி.

பிறகுதான் டப்பாவைக் கழற்றினார். மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்து, உள்தகடு விட்டுப்போயிருக்கிறது என்றார். கிரைண்டரால் அறுத்தபோது துருச்சேறு கொட்டியது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் டப்பா சூடேறி ஈரம் காய்ந்துவிடும். வீட்டுக்கும் மண்டிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது அடியிலேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது.

பஞ்சை அவர் ஏன் ஒத்திப்போட்டார் என்பது இதற்குப் பிறகுதான் தெளிவானது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போது நொடிக்கு 50 முறை புகை வெடித்து வெளியேறுகிறது. சூடான புகைக்குள் அந்த 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ பத்து மீட்டர். கண்ணாடிப் பஞ்சு மேல்ஸ்தாயிச் சீறலை உறிஞ்சும். அடிவயிற்றில் அதிரும் இந்த உறுமலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு இடம் வேண்டும். குறுகலான குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் வரும்போது அலையில் ஒரு பகுதி திரும்பி வந்த வழியே மோதித் தணிகிறது. மேஸ்திரி ஹெர்ட்ஸ் கணக்குப் போடவில்லை. ஆனால் 18 கேஜ் தகட்டில் புது டப்பா உருட்டியபோது உள்ளே தடுப்பு வைத்துப் பிரித்த அறைகளில் எதையும் ஒரே நீளத்தில் வைக்கவில்லை.

“சமமா வச்சா எல்லா ரூமும் ஒரே சத்தத்தைத்தான் விட்டுடும் சார். ஒண்ணு விட்டதை இன்னொண்ணு புடிக்கணும்.”

ஒலியியல் பாடநூல் பக்கக்கணக்கில் விளக்குவது இதைத்தான். அவர் வெட்டிப்போட்ட பழைய டப்பாக்களிலிருந்து கற்றது.

நடுக்குழாயில் துளை போடும்போது இன்னொரு கவனம். எல்லாத் துளைகளையும் கூட்டினால் குழாயின் வாயளவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எஞ்சின் திணறும், மேட்டில் இழுக்காது, கரும்புகை தள்ளும். சத்தத்தை மட்டும் குறைத்துப் புகையை ஏற்றிவிடும் வேலையை இந்தச் சாலையிலேயே நிறையப் பேர் செய்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். கண்ணாடிப் பஞ்சைக் கடைசி அறையில் மட்டும், சீறலுக்காக, கொஞ்சம் வைத்தார்.

அந்தப் பஞ்சை உதவியாளர் வெறுங்கையால் பிய்த்தார். முழங்கை வரை சிவந்திருந்தது. தலைக்குப் பக்கத்தில் கிரைண்டர் ஓடியபோதும் இருவர் காதிலும் ஒன்றும் இல்லை. மேஸ்திரியிடம் இடது பக்கம் நின்று பேசினால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையைத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறை அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையாகவே இருக்கவில்லை. ஊரின் சத்தத்தைக் குறைப்பவர்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுக்க ஒரு துறையும் இல்லாதது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. இங்கே சுற்றிலும் இருக்கும் பெரிய ஆலைகள் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் தீரும் விஷயம் இது.

புதுக் கேஸ்கட், புது ரப்பர், புது டப்பா போட்டு வண்டியை எடுத்தபோது, பக்கத்தில் நின்றே சாதாரணமாகப் பேச முடிந்தது. மேஸ்திரி பானெட் பக்கம் காதைக் கொடுத்தார். ‘டக் டக்’ என்று ஒரு தட்டல் மிச்சம் இருந்தது.

“இது என் வேலை இல்ல தம்பி, டீசல் தட்டுது. பம்ப் டைமிங் பாக்கிறவங்ககிட்ட காட்டுங்க. ஐநூறு கிலோமீட்டர் ஓடினதும் இங்க வாங்க, கிளாம்ப் போல்ட்டெல்லாம் ஒருக்கா இறுக்கணும்.”

இளைஞர் குனிந்து டப்பாவின் அடியில் இருந்த சின்ன ஓட்டையைக் காட்டி, இதை அடைக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

“அது தண்ணி எறங்கறதுக்கு நான் போட்டது. யாராவது வெல்டு வச்சு மூடறேன்னா விடாதீங்க.”