கேட்காமல் வரும் தபால்

வேண்டாத விளம்பரத் தபாலைக் குறைக்க வழி கேட்டால், கிழித்துப் போடுங்கள் என்பார்கள். இந்தத் தொல்லை எங்கே தொடங்கியது என்று தேடிப் போனதில், அந்தப் பதில் போதாது என்றே எனக்குப் படுகிறது. 1864 மே மாதம் ஒரு மாலை வேளையில் இலண்டன் அரசியல்வாதிகள் சிலரின் வீட்டுக் கதவைத் தந்திக்காரர் தட்டினார். அவசரம் இல்லாமல் தந்தி வராத காலம் அது. பதறிப் பிரித்தால், ஹார்லி வீதியில் கேப்ரியல் பல் வைத்தியர்களைக் காலை 10 முதல் மாலை 5 வரை பார்க்கலாம் என்ற அறிவிப்பு! எரிச்சலோடு ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குப் புகார்க் கடிதமும் போனது. 1978 மே 3ஆம் தேதி டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பனியின் கேரி துர்க், கணினி விற்பதற்காக ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினார். கருவிதான் மாறியது. அனுப்புகிறவர் கையில் பெயர்ப் பட்டியல் இருந்ததும், அதில் இருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்காததும் மாறவில்லை. தொல்லையின் ஊற்று தாளில் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதைச் சொன்னால், நல்ல கடிதமே ஒழுங்காக வந்து சேராத இடத்தில் வேண்டாத கடிதத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாதது மலையகத்தின் நெடுநாள் குறை. உறையில் பெயர், தோட்டம், டிவிசன், தபாலகம் மட்டுமே இருக்கும். தபால் தோட்ட ஆபீசோடு நின்று, பிறகு யார் கையிலாவது லயத்துக்கு வரவேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கிடைத்தால் வேலை போனதுதான். ஆனால் கைபேசிக்கு லய இலக்கம் தேவையில்லை. நாலு பேர் கைமாறி வரும் கடிதத்தை முந்திக்கொண்டு கடன், சீட்டிழுப்பு, கோர்ஸ் விளம்பரங்கள் போனுக்கு வந்துவிடுகின்றன. அவை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும்போது, எது பேங்க் அறிவித்தல், எது விளம்பரம் என்று தமிழ் மட்டும் வாசிக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

அழித்துவிட்டால் தீர்ந்தது என்பது ஒரு வாதம். ஆனால் அழிக்கும் வேலையைப் பெறுகிறவர் தலையில் கட்டிவிட்டால், அனுப்புகிறவருக்கு நிறுத்த என்ன காரணம் இருக்கிறது? விளம்பரத்தை மறித்தால் சிறு வியாபாரி பிழைக்க முடியாது என்பது இன்னொரு வாதம். யாரும் விளம்பரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு அனுப்பு என்பதே கோரிக்கை. வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குத் தபால் அனுப்ப எவருக்கும் உரிமையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இலேயே ரோவன் வழக்கில் தீர்ப்பளித்தது. வியாபாரம் அங்கே படுத்துவிடவில்லை.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தபால், தொலைபேசி, மின்னஞ்சல் எதுவானாலும் விளம்பரத்துக்குச் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் அமலாகவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. லயங்களுக்கு முகவரி கொடுங்கள் என்று கேட்கும்போதே, அந்த முகவரியைத் தேடி வரும் விளம்பரத்தை மறுக்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அதுவரை, கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். சரியான காரணம் சொல்லாவிட்டால் கொடுக்காதீர்கள்.