குட்டிப் பாரிஸின் நேர்த் தெருக்கள்

புதுச்சேரிக்கு ஒரு நடை போய் வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "அடேயப்பா! தெருவெல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்கிறது. அசல் பாரிஸ்தான், போங்கள்!" என்பார்கள். இவர்களில் பாதிப் பேர் பாரிஸைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். அதனால் பாதகமில்லை. ஆனால் புதுச்சேரித் தெருக்கள் நேரான காலத்தில் பாரிஸ் எப்படி இருந்தது தெரியுமா? சந்துக்குள் சந்து, இரு பக்கத்து மாடிகளும் வானத்தை மறைக்கும், பல தெருக்களில் நட்ட நடுவே சாக்கடை!

பின்னே கோடு கிழித்தது யார்? டச்சுக்காரர்கள். 1693-ல் புதுச்சேரியைப் பிடித்தார்கள். ஆறு வருஷந்தான் ஆண்டார்கள். அதற்குள் சதுரங்கப் பலகை மாதிரி ஊருக்கு ஒரு திட்டம் போட்டுவிட்டார்கள். 1699-ல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டின் மேலேயே கட்டினார்கள். 1761-ல் ஆங்கிலேயர் எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நான்கு வருஷம் கழித்து வந்த பிரெஞ்சுக்காரர்கள், பழைய தெருக்கள் இருந்த இடத்திலேயே மறுபடி வீடுகளை எழுப்பினார்கள்.

பாரிஸ் நிமிர்ந்தது இதற்கெல்லாம் வெகு காலம் பிந்தி. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியின் ஆணைப்படி ஓஸ்மான் என்ற அதிகாரி 1853 முதல் 1870 வரை இடித்துத் தள்ளினார். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது; வாடகைக்குக் குடியிருந்த ஏழைகள் ஊரின் ஓரத்துக்குப் போனார்கள். ஆக, புதுச்சேரி பாரிஸைப் பார்த்து நேராகவில்லை. பாரிஸுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது!

லண்டன் கதை இன்னும் வேடிக்கை. 1666-ல் பெருந்தீயில் நகரம் வெந்து போயிற்று. கிறிஸ்டோபர் ரென் விசாலமான நேர்ச் சாலைகளோடு ஒரு படம் வரைந்து மன்னரிடம் கொடுத்தார். மனைக்காரர்களோ தங்கள் மனையை விட்டுக் கொடுப்பதாக இல்லை. பழைய வளைவு நெளிவுகளிலேயே பெரும்பாலும் ஊர் எழுந்தது. அதே ஆங்கிலேயர் 1911-ல் டில்லியைத் தலைநகராக அறிவித்தார்கள். லட்யன்ஸ் அறுகோணமும் முக்கோணமுமாக வரைந்த புதுடில்லி 1931-ல் திறக்கப்பட்டது. ராய்சினா, மால்ச்சா கிராமத்தார் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அவர்களுக்கும் மனை உண்டு, வயல் உண்டு. லண்டன்காரரின் பேச்சு ஏறிய அம்பலத்தில் இவர்கள் பேச்சு ஏறவில்லை, அவ்வளவுதான்.

சரி, பாரிஸுக்கும் புதுச்சேரிக்கும் ஒற்றுமையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பழைய ஊரை முட்டை வடிவில் சுற்றி வரும் அகலச் சாலைகளைப் 'புல்வார்' என்கிறார்கள். பாரிஸிலும் இடித்த கோட்டை மதில் மேல் போட்ட சாலைகளுக்கே முதலில் அந்தப் பெயர். அந்த வார்த்தையும் டச்சுக்காரர்களிடமிருந்து பிரெஞ்சுக்குப் போனதுதான்! கொத்தளம் என்று அர்த்தம்.

நேர்க் கோட்டில் ஒரு சௌகரியம்: வழி தவறாது. கிழக்கே திரும்பினால் கடல் வந்துவிடும். ஆனால் கோடு போட்டவர்கள் ஆட்களையும் சேர்த்தே பிரித்தார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே நம்மவர். மேற்கிலும் இன்னாருக்கு இன்ன தெரு என்று ஏற்பாடு. செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு என்ற பெயர்களே சொல்லும்.

கடற்கரையிலிருந்து மேற்கே நடந்து பாருங்கள். முதலில் இரு புறமும் உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே முற்றமும் தோட்டமும். மதிலுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரியாது. வாய்க்காலைத் தாண்டி வைசியாள் தெருவுக்கு வந்தால் மரத் தூண், ஓட்டுத் தாழ்வாரம், திண்ணை! வெயிலுக்கு ஒதுங்கலாம், கூடையை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் உட்காரலாம். சில வீடுகளைப் பழைய அமைப்பு மாறாமல் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். இந்தத் திண்ணையை மட்டும் டச்சுக்காரரும் வரையவில்லை, பிரெஞ்சுக்காரரும் வரையவில்லை.