பேய்க் கட்சி, சயன்ஸ் கட்சி

அக்டோபர் 13, திங்கள்

சுஜாதாவின் கொலையுதிர் காலம் ஒருவழியாக நூலகத்துக்குத் திரும்பி வந்தது. மண்டிக்காரர் கொண்டுவந்து வைத்தார். அட்டையெல்லாம் தவிட்டு வாசனை. "அந்த லீனாப் பொண்ணு பாவம்மா." அவ்வளவுதான் அபிப்பிராயம். தாமதத்துக்கு ஒரு வார்த்தை இல்லை.

முதல் பக்கத்தில் புதிதாக ஒரு கிறுக்கல். 'சூப்பர்.' அதற்கு மேலே பழசு: 'அருமை.' 'அறுவை.' 'முடிவு புரியலை.' 'ராத்திரி படிச்சிட்டுக் கொல்லைப் பக்கம் போகாதீங்க.' நீல மை, பச்சை மை, ஒன்று கண் மை மாதிரி இருக்கிறது. அழிக்க ரப்பர் எடுத்தேன். மனசு வரவில்லை.

முழங்கால் வீக்கம் குறையவில்லை. வெயில் சித்திரை கணக்காக அடிக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

பால்கார அக்கா புத்தகம் படிப்பவள் இல்லை. மகள் படித்துக் காட்டினாளாம். வாசலில் கேனை வைத்துவிட்டு ஒரே சண்டை. "பேய்தாம்மா அது. அந்த வக்கீலு இன்னாவோ வெளிச்சத்துல உருவம் காட்றாங்கன்றான். வெளிச்சம் ஆளக் கொல்லுமா?"

பதில் சொல்ல வரவில்லை. இதே கேள்வியை என் அக்கா கேட்டிருக்கிறாள். எண்பதுகளின் ஆரம்பம், கதை குமுதத்தில் தொடராக வந்த காலம். இதழ் வந்ததும் பிடுங்கிக்கொள்வாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்க வேண்டும். முடிப்பதற்குள் பக்கத்தைத் திருப்பிவிடுவாள். வேண்டுமென்றேதான். அவள் பேய்க் கட்சி. நான் சயன்ஸ். கதையில் துப்பறியும் வக்கீல்களில் வசந்துக்கு அவள், கணேஷுக்கு நான். தொடர் முடிந்த வாரம் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

போன் பண்ணலாமா. வேண்டாம். பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அவளும்தான் பண்ணவில்லை. நான் மட்டும் ஏன்.

அக்டோபர் 15, புதன்

ரிட்டயர்டு ஹெச்.எம். ஐயா. ஒரு மணி நேரம். வடுவூர் துரைசாமி ஐயங்காரில் தொடங்கினார். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, தமிழ்வாணனின் சங்கர்லால், அவர் குடிக்கும் டீ. நான் ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டே 'உம்' கொட்டினேன்.

"துப்பறியும் கதைன்னா கடைசியில முடிச்ச அவிழ்க்கணும். இவரு அவிழ்த்துட்டு, மறுபடி லேசா முடிஞ்சு வச்சிட்டுப் போறாரு. அது வாசகனுக்குச் செய்யிற துரோகம்."

துரோகம் என்பதெல்லாம் ஜாஸ்தி. ஆனால் 'முடிஞ்சு வச்சிட்டு' சரியாகத்தான் சொன்னார். நைலான் கயிறு 1968இல் குமுதத்தில் வந்தபோதே படித்தவராம். அதுதான் உசத்தி என்கிறார். எல்லோருக்கும் முதலில் படித்ததுதான் உசத்தி.

மதியம் சோறு இறங்கவில்லை. புளித்த ஏப்பம்.

அக்டோபர் 17, வெள்ளி

லீவு. மழை பிடித்துக்கொண்டது. வடக்குப் பக்க ஓட்டில் ஒழுகல், கீழே குண்டான் வைத்திருக்கிறேன். ஏரிக்குத் தண்ணீர் வருகிறதாம்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். எல்லாம் தெரிந்த கதை, இருந்தும் காட்டில் அந்த உருவம் வரும் இடத்தில் கால் விரல் மடங்கிக்கொண்டது. ஏழரைக்குக் கரண்ட் போனது. நானும் பேய்க் கட்சி. கரண்ட் வந்ததும் சயன்ஸ். வெட்கமாக இல்லையா என்று கேட்டுக்கொண்டேன். இல்லை.

இந்த நேரம் அக்கா வீட்டிலும் மழையாக இருக்கும். வந்தவாசி எவ்வளவு தூரம். போன் பண்ணவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் பிரிந்துபோனது, பாகு பதம் தப்பு. அக்காவுக்குத்தான் பாகு வரும்.

அவள் பேரன் பட்டாசு வெடிக்கிற படம் குடும்ப குரூப்பில் வந்தது. எனக்குத் தனியாக ஒன்றும் வரவில்லை. நானும் போடவில்லை. நாள் பூராவும் எரிச்சல்.

அக்டோபர் 22, புதன்

ஒரகடம் கம்பெனிக்குப் போகிற பையன். ரெண்டே நாளில் முடித்துவிட்டான். "ஹோலோகிராமுக்கு எதுக்குக்கா இவ்ளோ பில்டப்பு? செத்துப்போனவங்க பேசுற மாதிரி இப்ப போன்லயே செஞ்சுடுறாங்க." எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காலத்தில் அந்த வார்த்தையைப் படித்துவிட்டு சயன்ஸ் வாத்தியாரிடம் போய்க் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை, திட்டி அனுப்பினார்.

பிளஸ் ஒன் பெண்ணுக்குக் கொலையே முக்கியம் இல்லை. "வசந்த் சூப்பர் மேடம்." பாஸ் பாஸ் என்று தோழியைக் கூப்பிட்டுக்கொண்டு திரிகிறாள். வசந்தின் மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் என்னவென்று கேட்கிறாள். யாரிடம் போய்க் கேட்பது? சுஜாதா சொல்லாமலே 2008இல் போய்விட்டார்.

அக்டோபர் 23, வியாழன்

இன்றைக்குக் கூத்து. பேயா சயன்ஸா, ஓட்டுப் போட்டுவிடலாம் என்று பையன் கிளப்பினான். உத்திரமேரூரில் ஓட்டு என்று வாயெடுத்தால் குடவோலை வராமல் இருக்குமா. தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்து, துண்டுச்சீட்டு போட்டார்கள்.

ஹெச்.எம். ஐயாவுக்குக் கோபம். "குடவோலைல எண்றது கிடையாதுய்யா. குலுக்கிட்டு சின்னப் பிள்ளைய விட்டு எடுக்கச் சொல்றது. வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல பராந்தகன் 921லயே வெட்டி வச்சிருக்கான், போய்ப் பாருங்க." பெல் கம்பெனியில் ஓட்டு மெஷின் செய்தவர் எழுதிய கதைக்கு இப்படியா என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும் ஒரு சீட்டு எழுதிப் போட்டார்!

பால்கார அக்காவின் பேரன் கையை விட்டு எடுத்தான். பிரித்தால் 'வசந்த்' என்று இருந்தது. அந்தப் பெண் ஓடிவிட்டாள். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து. விலா வலிக்கிறது.

நான் சீட்டுப் போடவில்லை. எழுதத் தொடங்கினேன். பேனா நின்றுவிட்டது.

இதை அக்காவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 25, சனி

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். முழங்கால்.

மண்டிக்காரர் அதே புத்தகத்தை மறுபடி கேட்கிறார். கடைசி அத்தியாயத்தை மட்டும் இன்னொரு வாட்டி பார்க்கணுமாம். மனுஷனுக்குள் ஏதோ அரிக்கிறது. கொடுத்தேன், ஒரு வாரம் என்று கறாராகச் சொல்லி. 'சூப்பர்' அவர் எழுதியதில்லை என்று சத்தியம் செய்கிறார். கையெழுத்து அச்சாக அவருடையது.

அக்டோபர் 26, ஞாயிறு

பண்ணிவிட்டேன். பதினொரு மணி வாக்கில். நாலாவது மணியில் எடுத்தாள். "இன்னாடி" என்றாள், நேற்றுப் பேசினவள் மாதிரி. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பத்திரத்தைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. பானைக் கதையைச் சொன்னேன். சிரித்தாள், இருமினாள். இருமல் நல்லதாகப் படவில்லை. டாக்டரைப் பார் என்றேன். உன் முழங்காலை முதலில் பார் என்றாள். யார் சொன்னார்களோ.

அப்புறம்தான் வந்தது வினை. "நீதானே பேய்க் கட்சி" என்றேன். "நானா? நான் எப்பவும் கணேஷுதான். நீதான் பேய் பேய்ன்னு சொல்லி ராத்திரியெல்லாம் என் புடவையப் புடிச்சிட்டுப் படுத்த. தோட்டத்துக்குப் போகக்கூட என்னை எழுப்புவ."

பச்சைப் பொய். நான் சயன்ஸ். வாத்தியாரிடம் கேட்டது யார்? அதையும் கேட்டேன். "நான்தான் கேட்டேன், நீ வெளிய நின்னுட்டிருந்த" என்கிறாள்! அரை மணி நேரம் இதே சண்டை. சார்ஜ் போய்க் கட்டாகிவிட்டது.

மணி இரண்டு. தூக்கம் வரவில்லை. அவள் புடவை சுங்குடி, பச்சை. அது எனக்கு எப்படி ஞாபகம்? இருக்கட்டும். விடிந்ததும் சார்ஜ் போட்டு மறுபடி பிடிக்க வேண்டும் அவளை.