வறுப்பில் வரும் ருசி

தீபாவளி நெருங்கிவிட்டால் ஈப்போவில் பலகார ஆர்டர் எடுப்பவர்களிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி: "அக்கா, கோதுமை இல்லாம, சீனி கம்மியா பிஸ்கட் இருக்கா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னால் நிற்கிறோம்.

ஆனால் இந்த இரண்டு கோரிக்கைகளும் எளிதில் ஒத்துப்போவதில்லை. கோதுமையை விட்டவர்கள் முதலில் தேடுவது அரிசி மாவும் மரவள்ளி மாவும்தான். குவே பங்கிட்டையே பாருங்கள்: பாண்டான் இலையோடு வறுத்த மரவள்ளி மாவு, தேங்காய்ப்பால். கோதுமை துளியும் இல்லை. ஆனாலும் அத்தனையும் மாவுச்சத்து. சீனியைக் குறைத்தாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். ரவையில் கோதுமை இல்லை என்று நினைத்து சூஜி பிஸ்கட் கேட்பவர்களும் உண்டு. ரவையும் கோதுமைதான்.

இரண்டுக்கும் சேர்த்து விடை சொல்வது தோட்டத்து வீடுகளின் நெய் உருண்டை. அதன் பச்சைப்பயறு மாவில் கோதுமையில் இருக்கும் குளுட்டன் கிடையாது. புரதமும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் உருண்டையில் சீனிதான் அதிகம். அதனால் அதே மாவை வைத்து, சீனியைக் குறைத்து பிஸ்கட்டாகச் சுடுகிறேன். நான் எடுப்பது பயற்றுமாவு 200 கிராம், வறுத்துப் பொடித்த கச்சான் 100, பொடித்த சீனி 60, நெய் ஏறக்குறைய 120, கொஞ்சம் ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு.

சீனி இனிப்பு மட்டும் தருவதில்லை. பிஸ்கட் பரவுவதும், சிவப்பதும், மொறுமொறுப்பதும் அதனால்தான். அதைக் குறைத்தால் நிறத்தையும் மணத்தையும் வறுப்பில்தான் ஈடுகட்ட வேண்டும். முழுப்பயற்றைக் குவாலியில் சிறுதீயில் வறுக்கிறேன். பச்சை மங்கி, அங்கங்கே செம்மை ஏறும். ஒன்றை எடுத்துக் கடித்தால் 'கடுக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் பச்சை வாடை அடிக்கும். ஆறிய பிறகே அரைக்கிறேன், அதுவும் வீட்டிலேயே. கோதுமை அரைக்கும் மில்லில் கொடுத்தால் ஒட்டியிருக்கும் மாவு கலந்துவிடும். குளுட்டன் ஆகாத சீலியாக் நோயாளிக்கு அந்தக் கொஞ்சமே போதும், சிறுகுடல் பாதிக்கப்படும்.

குளுட்டன் இல்லாத மாவை நெய்தான் பிடித்து வைக்கிறது. பிசைந்ததை அரை மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்தால் நெய் இறுகி, கையில் உருட்ட வரும். உருட்டியதை அவனில் 150 டிகிரியில் இருபது நிமிடம் சுட வேண்டும். ஓரத்தில் மெல்லிய வெடிப்பு விழுந்தால் பதம் சரி. சூட்டோடு தொட்டால் உதிரும்; தட்டிலேயே ஆற விட வேண்டும்.

ஈப்போ புந்தோங்கின் கச்சான் பூத்தே கிராமத்தில் அரிசி மாவையும் கடலை மாவையும் வைத்துக் காலங்காலமாக முறுக்கு பிழிகிறார்கள். கோதுமையில்லாப் பலகாரம் நமக்குப் புதிதல்ல. சீனியில்தான் கை நீண்டுவிட்டது. இந்த பிஸ்கட்டும் அளவோடுதான். இரண்டு எடுத்துக்கொண்டு தே ஓ கோசோங் குடியுங்கள். தே தாரிக் கேட்டால், அடுப்படியில் நான் மிச்சம் பிடித்த சீனியெல்லாம் உங்கள் குவளையில் போய்ச் சேர்ந்துவிடும்.